ஆற்றின் வாய் அடுத்தவர் கையில்: ஆண்ட்வெர்ப் எப்படிப் பிழைக்கிறது?

பெல்ஜியத்தில் பழைய ஐரோப்பாவைப் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் புரூஜ் நகருக்குத்தான் போகிறார்கள். வாய்க்கால், கல்பாலம், மணிக்கூண்டு என்று நடுக்காலத்து ஊர் அப்படியே நிற்கிறது. அது அப்படி நிற்பதற்கு ஒரு சோகமான காரணம் உண்டு. புரூஜைக் கடலோடு இணைத்திருந்த ஸ்வின் என்னும் கடற்கழி 15-ஆம் நூற்றாண்டில் தூர்ந்துகொண்டே வந்தது. பெரிய கப்பல்கள் வருவது நின்றது. வணிகர்கள் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பணப்புழக்கம் போய்விட்ட ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஆள் ஏது?

அப்படிக் கிளம்பியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம், ஸ்கெல்ட் ஆற்றங்கரையில் இருக்கும் ஆண்ட்வெர்ப். இங்கேயும் பழமைக்குக் குறைவில்லை. 123 மீட்டர் கோபுரத்தோடு மாதா பேராலயம் இருக்கிறது, ஓவியர் ரூபன்ஸ் வாழ்ந்த வீடு இருக்கிறது, 16-ஆம் நூற்றாண்டின் பிளாண்டின் அச்சகம் அதன் அச்சுப்பொறிகளோடு இன்றும் இருக்கிறது. ஆனால் ஊர் இவற்றை நம்பி வாழவில்லை. பழைய நகரிலிருந்து வடக்கே நகர்ந்தால் துறைமுகம் ஆரம்பிக்கிறது. நெதர்லாந்து எல்லை வரைக்கும் அது முடிவதில்லை. சுமார் 12,000 ஹெக்டேர் பரப்பு. 2022 ஏப்ரலில் புரூஜின் கடல் துறைமுகமான ஸீப்ரூகாவும் இதோடு சேர்ந்து ஒரே நிறுவனமாகிவிட்டது. 2024-இல் இரண்டும் சேர்ந்து கையாண்ட சரக்கு சுமார் 27.8 கோடி டன். கன்டெய்னர்கள், 20 அடிப் பெட்டிக் கணக்கில், சுமார் 1.35 கோடி. ஐரோப்பாவில் இதைத் தாண்டி நிற்பது நெதர்லாந்தின் ராட்டர்டாம் மட்டும்தான்.

ஐந்தரை லட்சம் பேர் வாழும் ஒரு நகரம் இந்த அளவுக்கு எப்படி வந்தது, அந்த நிலை எவ்வளவு உறுதியானது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆண்ட்வெர்ப் தன் வழியாகக் கடந்துபோகும் சரக்கால் வாழும் ஊர். அந்த வழி ஒருபோதும் அதன் கையில் இருந்ததில்லை. ஸ்கெல்ட் ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் முழுக்க நெதர்லாந்து மண்ணில் இருக்கிறது. பெல்ஜியத்தின் மிகப்பெரிய துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு பெரிய கப்பலும் அடுத்த நாட்டு நீரைக் கடந்துதான் வந்தாக வேண்டும்.

மிளகில் எழுந்து முற்றுகையில் விழுந்தது

1501-இல் போர்ச்சுகீசியர் மலபார் மிளகை லிஸ்பன் வழியாக ஆண்ட்வெர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். வட ஐரோப்பாவில் மிளகு விற்க இதுதான் சந்தை என்று அவர்கள் முடிவெடுத்ததற்குக் காரணம், தெற்கு ஜெர்மனியின் செம்பும் வெள்ளியும் இங்கே வந்துகொண்டிருந்ததுதான். ஆசியாவில் மிளகு வாங்க அந்த உலோகம் வேண்டும். ஆங்கிலேயக் கம்பளித் துணியும் இதே ஊருக்கு வந்தது. ஆக மூன்று பக்கத்துச் சரக்கும் சந்திக்கும் இடமாக ஊர் ஆனது. அதன் பிறகு சரக்கைவிடக் கடன் பத்திரங்கள் அதிகமாகக் கைமாற ஆரம்பித்தன. 1531-இல் வணிகர்கள் கூடுவதற்கென்றே ஒரு மண்டபம் கட்டினார்கள். எந்த நாட்டவராக இருந்தாலும், எந்த மொழி பேசினாலும், வணிகர் எல்லோருக்கும் இது பொது என்று அதில் லத்தீனில் பொறித்திருந்தார்கள். இங்கே ஆங்கில அரசுக்காகக் கடன் வாங்கிக்கொண்டிருந்த தாமஸ் கிரஷாம் இதைப் பார்த்துவிட்டுத்தான் லண்டனில் ராயல் எக்ஸ்சேஞ்சைக் கட்டினார்.

1560-களில் ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சம். அன்றைய ஐரோப்பாவில் அது பெரிய எண்ணிக்கை. அதற்கப்புறம் எல்லாம் வேகமாகச் சரிந்தது. ஆண்டுகொண்டிருந்த ஸ்பெயின் மன்னருக்கு எதிராக, இன்றைய பெல்ஜியத்தையும் உள்ளடக்கிய அன்றைய நெதர்லாந்துப் பகுதிகள் கிளர்ந்தன. 1576-இல் சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படைவீரர்கள் ஊரைச் சூறையாடினார்கள். 1585-இல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு நகரம் ஸ்பெயினிடம் சரணடைந்தது. புராட்டஸ்டன்ட்டுகளுக்கு ஊரைக் காலி செய்ய நான்கு வருடம் அவகாசம் கொடுத்தார்கள். 1589-இல் மிஞ்சியவர்கள் சுமார் 42,000 பேர். வெளியேறியவர்கள் வெறும் கையோடு போகவில்லை. மூலதனம், கைத்தொழில், வெளிநாட்டுத் தொடர்புகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வடக்கே போனார்கள். ஆம்ஸ்டர்டாமின் எழுச்சியில் ஆண்ட்வெர்ப்பிலிருந்து போனவர்களின் பங்கு கணிசமானது.

வடக்கே இருந்த டச்சுக்காரர்கள் ஆற்றின் வாயை அடைத்தார்கள். 1648-இன் மூன்ஸ்டர் ஒப்பந்தம் அந்த அடைப்பையே சட்டமாக்கியது. பிரெஞ்சுப் படை 1790-களில் வந்து திறக்கும் வரைக்கும், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், கடல் கப்பல் நேராக வர முடியாத துறைமுகமாக ஆண்ட்வெர்ப் இருந்தது. நெப்போலியன் இங்கே கட்டிய கப்பல் துறை இன்றும் அவர் பெயரோடு இருக்கிறது. 1830-இல் பெல்ஜியம் தனி நாடானபோது மறுபடியும் அதே சிக்கல்: 1839 ஒப்பந்தப்படி ஆற்றில் வரும் கப்பல்களுக்கு நெதர்லாந்து சுங்கம் வசூலிக்கலாம். 1863-இல் பெல்ஜியமும் வணிகம் செய்த மற்ற நாடுகளும் பணம் திரட்டி, அந்தச் சுங்க உரிமையை மொத்தமாக விலைகொடுத்து வாங்கி முடித்தன. நவீன ஆண்ட்வெர்ப் துறைமுகத்தின் கதை உண்மையில் அந்த வருடம்தான் தொடங்குகிறது.

அந்த வளர்ச்சியில் ஒரு பகுதியைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் காங்கோவிலிருந்து ரப்பரும் யானைத் தந்தமும் வந்து இறங்கியது இங்கேதான். லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்றில் எழுத்தராக இருந்த எட்மண்ட் மோரல், வேலை விஷயமாக ஆண்ட்வெர்ப்புக்கு வந்துபோகும்போது சரக்குக் கணக்கைக் கவனித்தார். காங்கோவிலிருந்து கப்பல் நிறைய ரப்பரும் தந்தமும் வருகின்றன. திரும்பிப் போகும் கப்பலில் பண்டமாற்றுக்குத் தகுந்த சரக்கு இல்லை, பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும்தான் போகின்றன. இது வணிகமே அல்ல, கட்டாய உழைப்பு என்று அந்தக் கணக்கிலிருந்தே அவர் புரிந்துகொண்டார். காங்கோ கொடுமையை உலகத்துக்குச் சொன்ன இயக்கம் அங்கிருந்து கிளம்பியது. ஊரின் 19-ஆம் நூற்றாண்டு மாளிகைகளைப் பார்க்கும்போது இந்தக் கணக்கும் நினைவில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடலிலிருந்து 80 கிலோமீட்டர்

ஆண்ட்வெர்ப் கடற்கரையில் இல்லை. ஆற்றில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும். இது குறையாகத் தெரியும். உண்மையில் இதுதான் அதன் பலம். கப்பலில் சரக்கைக் கொண்டுபோகும் செலவு லாரியில் கொண்டுபோகும் செலவைவிட மிகக் குறைவு. கப்பல் எவ்வளவு தூரம் நாட்டுக்குள் வருகிறதோ, அவ்வளவு தூரத்துக்கு லாரிச் செலவு மிச்சம். ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதி, வடக்கு பிரான்ஸ், நெதர்லாந்தின் தென்பகுதி எல்லாம் இங்கிருந்து எட்டும் தூரம். ரைன் நதிக்குக் கால்வாய் இணைப்பும் இருக்கிறது.

ஆனால் உள்ளே வந்ததற்கு ஒரு விலை உண்டு. ஆற்றில் நீர்மட்டம் ஓதத்துக்கு ஏற்ப ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். அதனால் பழைய கப்பல் துறைகள் எல்லாம் ஆற்றிலிருந்து கதவு போட்டுப் பிரிக்கப்பட்டவை. ஆற்றுக்கும் துறைக்கும் நடுவே இருபுறமும் கதவுள்ள ஒரு பெரிய தொட்டி. கப்பல் உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடும், நீர்மட்டம் சமமாகும், முன்கதவு திறக்கும். 2016-இல் திறந்த கீல்ட்ரெக்ட் தொட்டி 500 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அந்த நேரத்தில் உலகத்திலேயே பெரியது. எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் கப்பலுக்கு இது நேர விரயம்தான். ராட்சத கன்டெய்னர் கப்பலுக்கு ஒரு மணி நேரத் தாமதம்கூடப் பணம்.

அதனால்தான் இடது கரையில் கதவே இல்லாமல், ஆற்றோடு நேராகத் திறந்திருக்கும்படி டோர்காங்க் துறையை வெட்டி 2005-இல் திறந்தார்கள். 2016-இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் வலது கரையில் கதவுக்குப் பின்னால் இருந்த தன் முனையத்தை விட்டுவிட்டு மொத்தமாக இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஒரு வாடிக்கையாளரின் முடிவில் துறைமுகத்தின் கனம் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறியது. இன்றைய துறைமுகப் பொருளாதாரத்தில் பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. உலகக் கன்டெய்னர் போக்குவரத்து ஒரு சில நிறுவனங்களின் கையில் சுருங்கிவிட்டது. அவர்களுக்கு ஆண்ட்வெர்ப்பும் ராட்டர்டாமும் பக்கத்துப் பக்கத்துக் கடைகள்.

ஆற்றை ஆழப்படுத்த வேண்டுமென்றால் இன்றும் நெதர்லாந்தின் சம்மதம் வேண்டும். 13.1 மீட்டர் வரை நீரில் அமிழும் கப்பல்கள் ஓதத்துக்காகக் காத்திருக்காமல் வரும்படி ஆற்றை ஆழமாக்க 2005-இல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. ஆழப்படுத்தினால் கழிமுகத்தின் சேற்றுநிலமும் பறவைகளும் பாதிக்கப்படும். அதற்கு ஈடாக எல்லையில் இருக்கும் ஹெட்விகே என்ற விளைநிலத்தின் கரையை உடைத்து ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது உடன்பாட்டின் ஒரு பகுதி. நூற்றாண்டுகளாகக் கடலிடமிருந்து நிலத்தை மீட்டே வாழ்ந்த டச்சுக்காரர்களுக்கு, நல்ல வயலை மறுபடி தண்ணீருக்குக் கொடுப்பது ஏற்க முடியாததாக இருந்தது. பல ஆண்டு இழுபறி, வழக்கு. ஒருவழியாக 2022 வாக்கில்தான் அந்த நிலத்துக்குள் ஆறு வந்தது.

பெல்ஜியப் பக்கமும் நிலத்தைக் கொடுத்துத்தான் துறைமுகம் வளர்ந்தது. 1956-இல் போட்ட பத்தாண்டுத் திட்டத்துக்காக ஊர்டெரன், வில்மார்ஸ்டோங்க் போன்ற கிராமங்களை முழுதாக இடித்தார்கள். வில்மார்ஸ்டோங்க்கில் மிஞ்சியது தேவாலயக் கோபுரம் மட்டும். சுற்றிலும் கன்டெய்னர் அடுக்குகளும் கிட்டங்கிகளும் இருக்க, ஊர் இல்லாத கோபுரம் நடுவில் தனியாக நிற்கிறது. இடது கரையில் டூல் என்ற கிராமமும் இப்படியே போயிருக்கும். அதை இடித்துத் துறை வெட்டப் போகிறார்கள் என்று பல பத்தாண்டுகள் பேசியே மக்களை வெளியேற வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த ஊரில் ஒருசிலரே மிஞ்சினார்கள். விட்டுப் போகாத அந்த ஒருசிலரின் பிடிவாதத்தால் 2022-இல் கிராமத்தை விட்டுவைப்பது என்று உடன்பாடு வந்தது. புதிய துறை அதன் பக்கத்தில் வரும்.

கை தேர்ந்தவர்கள்

துறைமுகம் வெறும் கிரேனும் கான்கிரீட்டும் அல்ல. ஆண்ட்வெர்ப்பில் நடுக்காலம் தொட்டே ‘நாட்ஸி’ என்ற சுமைப்பணிக் கூட்டுக் குழுக்கள் இருந்தன. குதிரை வண்டி வைத்திருக்கும் தொழிலாளர்கள் சேர்ந்து பங்கு போட்டு நடத்திய அமைப்புகள் அவை. பருத்திக்கு ஒன்று, தானியத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சரக்கில் கைப்பழக்கம். பருத்தியைக் கையாண்ட குழு காட்டூன் நாட்ஸி என்ற பெயரிலேயே இன்று பல நாடுகளில் இயங்கும் சரக்குக் கையாளும் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. காப்பி இன்னொரு உதாரணம். நியூயார்க் சந்தையில் விலை பேசப்படும் அராபிகா காப்பிக் கொட்டையின் சான்றிதழ் பெற்ற இருப்பில் பெரும் பங்கு ஆண்ட்வெர்ப் கிட்டங்கிகளில் இருக்கிறது. மூட்டையை வாங்கி அடுக்குவது யாராலும் முடியும். ஈரப்பதம் கெடாமல் வைத்து, மாதிரி எடுத்து, கலந்து, தரம் பிரித்து, கேட்ட நேரத்தில் அனுப்பும் பழக்கம்தான் சரக்கை இங்கே நிறுத்திவைக்கிறது.

தொழிலாளர் பக்கம், அமைச்சர் ஒருவரின் பெயரால் வழங்கும் 1972-இன் மேஜர் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அங்கீகாரம் பெற்ற துறைமுகத் தொழிலாளர் தவிர வேறு யாரும் துறைமுகத்தில் சரக்கைத் தொடக் கூடாது. தினமும் ஒரு கூடத்தில் கூடி, எந்தக் கப்பலில் என்ன வேலை என்று பார்த்து ஆள் எடுப்பார்கள். இப்போது அது கைப்பேசிக்கும் கணினிக்கும் மாறிவிட்டது. வேலை இல்லாத நாளுக்கும் உதவித்தொகை உண்டு. போட்டிக்கு இது தடை என்று ஐரோப்பிய ஆணையம் பல முறை ஆட்சேபித்திருக்கிறது. இதில் என் சாய்வு தொழிலாளர் பக்கம்தான். ஒரு நாள் பத்துக் கப்பல் வரும், அடுத்த நாள் இரண்டு வரும் என்ற நிலையில், அந்த ஏற்ற இறக்கத்தின் சுமையை ஏதோ ஒரு தோள் தாங்கியாக வேண்டும். இந்த ஊர் அதைத் தனித்தனித் தொழிலாளியின் தலையில் கட்டாமல் பொதுவில் வைத்தது.

வாழைப்பழப் பெட்டிக்குள் வருவது

தென் அமெரிக்காவிலிருந்து வாழைப்பழம் வரும் பெரிய வாசல்களில் ஒன்று ஆண்ட்வெர்ப். அதே கன்டெய்னரில் கொக்கெய்னும் வருகிறது. 2023-இல் இந்தத் துறைமுகத்தில் பிடிபட்டது 116 டன், இதுவரை இல்லாத உச்சம். 2024-இல் பிடிபட்டது 44 டன்னாகக் குறைந்தது. குறைந்ததை வைத்து நிம்மதி அடைய முடியாது. கடத்தல்காரர்கள் சின்னத் துறைமுகங்களுக்கும் வேறு முறைகளுக்கும் மாறுகிறார்கள் என்பதே அதிகாரிகளின் கணிப்பு.

நடக்கும் விதம் இப்படி. சட்டப்படியான சரக்கோடு பைகளைச் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். இங்கே கப்பல் இறங்கியதும், கன்டெய்னர் முனையத்துக்குள் ஆள் புகுந்து பையை எடுக்க வேண்டும். இதற்குப் பதினைந்து பதினாறு வயதுப் பையன்களைக்கூட, பலரை நெதர்லாந்திலிருந்து, கூலி பேசிக் கொண்டுவருகிறார்கள். சரக்கு வரும் வரைக்கும் சில பேர் காலி கன்டெய்னருக்குள் சாப்பாடும் போர்வையுமாக நாள்கணக்கில் ஒளிந்திருப்பார்கள். இன்னொரு வழி, கன்டெய்னரை விடுவிக்கும் ரகசிய எண்ணைத் திருடி, நிஜ லாரி வருவதற்கு முன் வேறு லாரியை அனுப்புவது. எண் திருட்டைத் தடுக்கத் துறைமுகம் அந்த முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. உள்ளே இருக்கும் ஒரு கிரேன் ஓட்டுநரோ அலுவலகத்து எழுத்தரோ ஒரு பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும், அவருடைய பல மாதச் சம்பளம் கைக்கு வரும். மறுத்தால் மிரட்டல். 2022-இல் பெல்ஜிய நீதி அமைச்சரையே கடத்தத் திட்டமிட்டிருந்தது தெரிந்து அவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். 2023 ஜனவரியில் நகரின் மெர்க்செம் பகுதியில் ஒரு வீட்டின்மீது சுட்டதில் 11 வயதுச் சிறுமி இறந்தாள்.

இதை வெறும் குற்றச் செய்தியாகப் பார்ப்பது போதாது. ஆண்ட்வெர்ப் விற்பது வேகத்தை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த பழம் மறுநாள் ஜெர்மனியின் கடையில் இருக்க வேண்டும். கொக்கெய்ன் பயணம் செய்வது அந்த வேகத்தின் முதுகில்தான். ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்திச் சோதித்தால் கப்பல் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும் என்ற பயத்தில், ஒரு துறைமுகம் தனியாகக் கண்டிப்பு காட்ட முடியாது. அதனால்தான் இடர் மிகுந்த நாடுகளிலிருந்து வரும் எல்லாப் பெட்டிகளையும் ஸ்கேன் செய்வது என்ற திட்டம் வந்தபோது, ராட்டர்டாமும் ஹாம்பர்க்கும் கூடச் சேர்ந்து செய்ய வேண்டும் என்று பேச வேண்டியிருந்தது.

மூன்று தெருக்கள்

மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வண்டிகள் நுழையாதபடி தடுப்புத் தூண்கள் போட்ட மூன்று சின்னத் தெருக்களில் வைர வணிகம் நடக்கிறது. வெளியே பார்த்தால் சாதாரண அலுவலகக் கட்டடங்கள். வைரச் சந்தைக் கூடங்களுக்குள் நீள மேசைகள், வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல்கள். வைரத்தின் நிறத்தைச் சரியாகப் பார்க்க, நேர் வெயில் படாத வடதிசை வெளிச்சம் வேண்டும். கல்லை மடித்த காகிதப் பொட்டலத்தில் வைத்துக் கொடுப்பார்கள். விலை படிந்தால் கை குலுக்கி ‘மசல்’ (எபிரேயத்தில் அதிர்ஷ்டம்) என்பார்கள். அதோடு பேரம் முடிந்தது. வாக்குத் தவறியவரைச் சந்தையிலிருந்து நீக்கிவிடுவார்கள். அந்தச் செய்தி உலகின் மற்ற வைரச் சந்தைகளுக்கும் போய்விடும். கோடிக்கணக்கான மதிப்புள்ள கல்லைக் கையெழுத்தில்லாமல் கொடுக்க முடிவது இதனால்தான்.

தென்னாப்பிரிக்காவிலும் பிறகு காங்கோவிலும் வைரம் கிடைத்தபோது இந்தத் தொழில் பெருகியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் அதை நடத்தினார்கள். நாஜிகள் அந்தச் சமூகத்தில் பெரும்பாலோரை அழித்தார்கள். தப்பியவர்கள் திரும்பி வந்து மறுபடி தொடங்கினார்கள். 1960-களில் குஜராத்தின் பாலன்பூரிலிருந்து ஜைன வணிகர்கள் வந்தார்கள். யாரும் பெரிதாக மதிக்காத பொடிக் கற்களை வாங்கி, சூரத்துக்கு அனுப்பிப் பட்டை தீட்டி, திருப்பிக் கொண்டுவந்து விற்றார்கள். குறைந்த லாபம், நிறைய எண்ணிக்கை. ஒரு தலைமுறைக்குள் ஆண்ட்வெர்ப் வைர வணிகத்தின் பெரும்பங்கு அவர்களிடம் வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது: ஆண்ட்வெர்ப்புக்குக் கிழக்கே உள்ள கெம்பன் பகுதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு இருந்த பட்டை தீட்டும் தொழில் சூரத்துக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் செய்த வேலையை இன்று, மிகப் பெரிய அபூர்வக் கற்களுக்காக, ஒருசில நூறு பேர் செய்கிறார்கள்.

இப்போது மூன்று பக்கமும் அழுத்தம். ஆய்வகத்தில் தயாராகும் வைரத்தின் விலை சரிந்து, இயற்கை வைரத்தையும் கீழே இழுக்கிறது. வரி குறைந்த துபாய் கச்சா வைரத்தில் பெரிய போட்டியாகிவிட்டது. 2024 தொடக்கத்திலிருந்து ஜி-7 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்ய வைரத்தைத் தடை செய்துவிட்டன. ரஷ்யாவின் அல்ரோசா ஆண்ட்வெர்ப்புக்குக் கல் கொடுத்த மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. தடை நியாயமானது, போருக்குப் பணம் போகும் வழியை அடைக்கத்தான் வேண்டும். ஆனால் ஆண்ட்வெர்ப் போகாத கல் சூரத்துக்கும் துபாய்க்கும் வேறு பாதையில் போனால், இழப்பு இந்த மூன்று தெருக்களுக்கு மட்டும்தான். கல் எங்கிருந்து வந்தது என்பதைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கும் வேலையை ஆண்ட்வெர்ப் கேட்டு வாங்கிக்கொண்டது, சரக்கு போனாலும் நம்பிக்கைக்கான இடமாவது தன்னிடம் நிற்கும் என்ற கணக்கில்தான்.

ஃபேஷன் பற்றியும் ஒரு வார்த்தை. 1663-இல் தொடங்கிய ராயல் கலைக் கல்லூரியில் படித்த ஆறு பேர் 1986-இல் லண்டனுக்குத் தங்கள் உடைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ‘ஆண்ட்வெர்ப் ஆறு’ என்று உலகம் அவர்களை அழைத்தது. ஊருக்குக் கிடைத்த பெயர் பெரிது. வேலை எண்ணிக்கையில் துறைமுகத்தின் பக்கத்தில் நிற்காது.

தோண்டியபோது கிடைத்தது

நகரைச் சுற்றியுள்ள வட்டச்சாலை முழு வட்டமாக இல்லை. வடமேற்கில் ஆற்றருகே அறுந்து நிற்கிறது. துறைமுக லாரிகள் பல ஒரே சுரங்கப்பாதையில் நெரிபடுகின்றன. அதை மூட ஊஸ்டர்வேல் இணைப்பு என்ற திட்டம் வந்தது. ஊரின் மேலாகப் பிரம்மாண்டமான பாலம் கட்டுவது அரசின் யோசனை. மக்கள் குழுக்கள் புகையையும் இரைச்சலையும் கணக்குப் போட்டுக் காட்டி எதிர்த்தன. 2009 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பாலம் போய்ச் சுரங்கம் வந்தது. 2017-இல் அரசும் அந்தக் குழுக்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வட்டச்சாலையைப் பல இடங்களில் மூடி மேலே பூங்கா அமைப்பது வரை ஒப்புக்கொண்டார்கள். ஐரோப்பாவில் ஒரு சாலைத் திட்டத்தைக் குடிமக்கள் இந்த அளவுக்கு மாற்றி எழுதியது அபூர்வம்.

அந்தச் சாலைக்காக மண்ணைத் தோண்டியபோதுதான் 2021-இல் அடுத்த விஷயம் வெளியே வந்தது. ஸ்வைன்ட்ரெக்ட்டில் உள்ள த்ரீ எம் ஆலையைச் சுற்றி மண்ணிலும் நீரிலும் பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருள்கள் கலந்திருந்தன. எண்ணெயும் நீரும் ஒட்டாத பூச்சுகளுக்கும் தீயணைப்பு நுரைக்கும் பயன்படும் இவை இயற்கையில் ஏறத்தாழச் சிதைவதே இல்லை. சுற்றுவட்டாரத்தில் வீட்டுக் கோழியின் முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று அரசு சொன்னது. தோட்டத்தில் கோழி வளர்த்து, காலையில் முட்டை எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்தவர்களின் இரத்தத்திலும் அது இருந்தது. 2022-இல் 57.1 கோடி யூரோ தருவதாக நிறுவனம், பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸின் அரசோடு ஒப்பந்தம் போட்டது. மண்ணைச் சுத்தம் செய்ய அந்தத் தொகை எவ்வளவு தூரத்துக்கு வரும் என்பது வேறு கேள்வி.

த்ரீ எம் தனி ஆலை அல்ல. ஆண்ட்வெர்ப்பைச் சுற்றி இருப்பது ஐரோப்பாவின் மிகப்பெரிய வேதித்தொழில் தொகுதி. உலக அளவில் ஹூஸ்டனுக்கு அடுத்தது என்று சொல்வார்கள். ரைன் கரையில் உள்நாட்டுக்குள் இருந்த ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப்., கடல் கப்பல் வந்து நிற்கும் இடம் தேடி 1964-இல் இங்கே வந்தது. பேயர், எக்ஸான் மொபில், டோட்டல், ஐனியோஸ் என்று வரிசையாக வந்தார்கள். இவர்களை இங்கே பிணைத்து வைத்திருப்பது குழாய்கள். ஓர் ஆலையின் கழிவு அடுத்த ஆலையின் மூலப்பொருள். ஒன்றில் மிஞ்சும் நீராவி இன்னொன்றில் பயன்படுகிறது. பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான எத்திலீனைக் கொண்டுபோகும் குழாய் இங்கிருந்து ஜெர்மனியின் ரூர் வரைக்கும் போகிறது. 2010-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓப்பல் கார் ஆலையை மூடியபோது, 1924 முதல் இங்கே கார் செய்துவந்த நிறுவனம் எந்தச் சிக்கலும் இல்லாமல் கிளம்பிவிட்டது. வேதி ஆலை அப்படிக் கிளம்ப முடியாது. இதுதான் இந்தத் தொகுதியின் பாதுகாப்பு என்று பல காலம் நம்பினார்கள்.

2022-இல் ரஷ்ய எரிவாயு பெருமளவு குறைந்து விலை ஏறியதும் அந்த நம்பிக்கை ஆடியது. இயற்கை வாயு இங்கே எரிபொருளும் மூலப்பொருளும். அமெரிக்காவில் அது பல மடங்கு மலிவு. சீனா புதிய ஆலைகளைக் கட்டிக் குவித்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ஐரோப்பாவின் 73 தொழில் தலைவர்கள் ஆண்ட்வெர்ப்பின் பி.ஏ.எஸ்.எஃப். வளாகத்தில் கூடி, ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லயன் முன்னிலையில் ‘ஆண்ட்வெர்ப் பிரகடனம்’ வெளியிட்டார்கள். மலிவான மின்சாரம் வேண்டும், விதிமுறைகள் எளிதாக வேண்டும் என்பது சாரம். விதிமுறை தளர வேண்டும் என்ற கோரிக்கையை ஸ்வைன்ட்ரெக்ட் மக்கள் எந்தக் காதால் கேட்டிருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரே துறைமுகத்தில் இரண்டு எதிரெதிர் காரியங்கள் நடக்கின்றன. ஐனியோஸ் ஏறத்தாழ 400 கோடி யூரோ செலவில் புதிய எத்திலீன் உலையைக் கட்டுகிறது. ஐரோப்பாவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி ஒன்று கட்டப்படவில்லை. இதற்கும் நெதர்லாந்து குறுக்கே வந்தது: எல்லைக்கு அப்பால் உள்ள இயற்கைப் பகுதியில் நைட்ரஜன் படியும் என்று டச்சு மாகாணங்கள் வழக்கு போட்டதில் 2023-இல் அனுமதி ரத்தாகி, 2024 ஜனவரியில் மீண்டும் கிடைத்தது. இந்த உலைக்கான ஈத்தேன் வாயு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும். அதே நேரம், தன் இரண்டு உலைகளில் பழையதை 2027 இறுதிக்குள் மூடப்போவதாக டோட்டல் எனர்ஜீஸ் 2025 ஏப்ரலில் அறிவித்தது.

புதிய உலை சுத்தமானது, சிக்கனமானது; பழையது போவதில் தவறில்லை என்று வாதிடலாம். ஆனால் குழாயால் பிணைந்த தொகுதியில் மூடுவதும் தொடர்ச்சியாகவே நடக்கும். ஓர் உலை அணைந்தால் அதன் எத்திலீனை வாங்கியவர், அவர் கழிவை வாங்கியவர், இருவருக்கும் நீராவி கொடுத்தவர் என்று ஒவ்வொருவரும் தன் கணக்கை மறுபடி போட வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் தலைமை அலுவலக அறைகள் பாரிஸிலும் லண்டனிலும் லுட்விக்ஸ்ஹாஃபெனிலும் ஹூஸ்டனிலும் இருக்கின்றன. ஆண்ட்வெர்ப் தன் பங்குக்குச் செய்யக்கூடியது, மின்சாரம், ஹைட்ரஜன், மறுசுழற்சிக்கான இடம் என்று அடுத்த குழாய்களைப் பழையவை காலியாவதற்கு முன் போட்டுவிடுவது. ஓப்பல் விட்டுப்போன 88 ஹெக்டேரைத் துறைமுகமே வாங்கி மறுசுழற்சி ஆலைகளுக்கு ஒதுக்கியிருப்பது அந்த முயற்சியின் முதல் துண்டு. அது எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்பதை, கன்டெய்னர் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட உன்னிப்பாக, அடுத்த சில வருடங்களுக்குப் பார்க்க வேண்டும்.